தராசுக்கு எடைதான் தெரியும்

"சார், 4.56 வருது சார். அப்படியே எழுதவா, இல்ல 5ன்னு போட்டுடவா?"

பல ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் முன்னால் ஒரு சின்னப் பீங்கான் மூசை இருந்தது. அதன் அடியில் சாம்பல் பூத்தாற்போல வெள்ளை மாவு. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அந்த மாவு, மயில் கழுத்தின் நீலத்தில் பளபளத்த மயில்துத்தப் படிகமாக இருந்தது.

செய்ய வேண்டியது எளிமையானது. வெறும் மூசையை எடை போடு. மயில்துத்தத்தை இட்டு மறுபடி போடு. சூடாக்கி, ஆறவைத்து, மூன்றாம் முறை போடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம், படிகத்தை விட்டுப் போன நீர். அந்த நீரின் மோல் எண்ணிக்கையை, மிஞ்சிய தாமிர சல்பேட்டின் மோல் எண்ணிக்கையால் வகுத்தால் 5 வர வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. படிகத்தின் எடையில் 36.08 சதவீதம் நீர். பிடித்துப் பார்த்தால் கல்போல உலர்ந்திருக்கும் ஒரு பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

அவளுக்கு 4.56 வந்தது. அந்த வகுப்பில் பாதிப்பேருக்கு 5 வந்திருந்தது. அந்த ஐந்துகளில் எத்தனை தராசு சொன்னவை, எத்தனை பேனா சொன்னவை என்பது அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மூன்றாவது எடையை மாற்றி எழுதுவது நம் ஆய்வகங்களில் பழகிப்போன வழக்கம். மதிப்பெண்ணுக்காகச் செய்கிறார்கள், கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. ஏனென்றால் 4.56 என்ற எண்ணுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. 5 என்று திருத்தியவுடன் அது அழிந்துவிடுகிறது.

அந்தச் செய்தியைப் படிக்க ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தராசுக்கு நீரைத் தெரியாது. எடை கூடியதா, குறைந்ததா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். போனது நீரா, புகையா, தெறித்த துகளா என்று அது சொல்லாது. குறைந்த எடைக்கு 'நீர்' என்று பெயர் வைப்பது நாம். நாம் வைத்த பெயருக்கும் உண்மையில் போனதற்கும் எங்கே விலகல் இருக்கிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவள் எடுத்தது 2.50 கிராம் மயில்துத்தம். எல்லா நீரும் போயிருந்தால் மூசையில் 1.60 கிராம் மிஞ்சும், கணக்கு 4.98 என்று வரும். அவளுக்கு மிஞ்சியது 1.65. வித்தியாசம் 0.05 கிராம், ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை. எடுத்த பொருளில் அது 2 சதவீதம். விடையிலோ பிழை எட்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. காரணம், அந்த 0.05 கிராம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நீரின் கணக்கில் குறைகிறது. அதே சமயம் உப்பின் கணக்கில் கூடுகிறது. மேலே உள்ள எண் சிறுத்து, கீழே உள்ள எண் பெருத்து, வகுத்து வரும் ஈவு இரட்டிப்பாக அடி வாங்குகிறது. மாறாக 0.05 கிராம் வெளியே தெறித்துப்போய் 1.55 மட்டும் மிஞ்சியிருந்தால் விடை 5.43. ஆய்வகத் தராசு காட்டக்கூடிய கடைசி இலக்கமான 0.01 கிராம் பிசகினாலே விடை கிட்டத்தட்ட 0.09 நகர்ந்துவிடும். 2.50 கிராமுக்குப் பதில் 5 கிராம் எடுத்தால் இந்த ஆட்டம் பாதியாகும்; ஆனால் கனமான குவியலின் நடுவில் சூடு போய்ச்சேர நேரமாகும். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது.

இனி படிகத்துக்குள் போவோம். மயில்துத்தத்தில் இருக்கும் ஐந்து நீரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. 1912இல் மியூனிக் நகரில் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி ஃபிரீட்ரிக், நிப்பிங் இருவரும் முதன்முதலாக எக்ஸ் கதிரைப் படிகத்தின் வழியே செலுத்தியபோது அவர்கள் கையில் எடுத்தது மயில்துத்தப் படிகம்தான். அதன் உள்ளமைப்பை முழுமையாகப் பிரித்துக் காட்ட 1934 வரை ஆயிற்று. பீவர்ஸ், லிப்சன் இருவரும் அதைச் செய்தார்கள். நான்கு நீர் மூலக்கூறுகள் தாமிர அயனியைச் சதுரமாகச் சூழ்ந்திருக்கின்றன. ஐந்தாவது தாமிரத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளால் சல்பேட்டோடும் மற்ற நீரோடும் கைகோத்து நடுவில் நிற்கிறது.

சூடாக்கும்போது நீர் ஒன்றாகக் கிளம்பாது. முதலில் இரண்டு, பின்னர் இரண்டு. நூறு, நூற்றிருபது டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே இந்த நான்கும் போய்விடும். கடைசி ஒன்று 200 டிகிரிக்கு மேல்தான் அசையும். முதலில் தனியாக நின்ற அந்த ஐந்தாவது நீர்தான் கடைசியாகப் போகிறது என்று சில புத்தகங்கள் எளிமைப்படுத்திச் சொல்லும். ஆனால் நான்கு போனதும் படிகத்தின் அமைப்பே மாறிவிடுகிறது. மிஞ்சிய ஒற்றை நீர் இரண்டு தாமிர அயனிகளுக்கு நடுவில் பாலம்போல மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க அவ்வளவு சூடு தேவைப்படுவதில் வியப்பில்லை.

இங்கே கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நீலம் போய் வெளுப்பதைப் பார்த்து, நீர் முழுதும் போய்விட்டது என்று மாணவர்கள் அடுப்பை அணைக்கிறார்கள். நீலத்துக்குக் காரணம் தாமிரத்தைச் சூழ்ந்த அந்தச் சதுர நீர். அது கலைந்தவுடனேயே நிறம் போய்விடும். ஒரு நீர் மிஞ்சிய நிலையிலும் மாவு கிட்டத்தட்ட வெள்ளைதான். அந்த இடத்தில் நிறுத்தினால் விடை 4 வரும் என்று தோன்றும். வராது. மிஞ்சிய நீரை உப்பின் எடையாகச் சேர்த்துக் கணக்குப் போடுவதால் 3.6 வரும். 3.6ஐப் பார்ப்பவர் தன் கை கோளாறு என்று நினைப்பாரே தவிர, ஒரு முழு நீர் உள்ளே இருக்கிறது என்று நினைக்கமாட்டார். அதனால்தான் நிறத்தை நம்பாமல், சூடாக்கி எடை போட்டு, மறுபடி சூடாக்கி எடை போட்டு, இரண்டு எடையும் ஒன்றாக நிற்கும்வரை போக வேண்டும் என்கிறார்கள். அந்த நிலைக்கு மாறா எடை என்று பெயர். ஆய்வக நேரம் முடியப்போகும் மணியடித்ததும் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

மாறா எடையும் சில சமயம் பொய் சொல்லும். 120 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தாலும் கடைசி நீர் போகாமல் எடை ஒரே இடத்தில் நிற்கும். அது முடிவு அல்ல, படிக்கட்டில் ஒரு படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றால், அசையாமல் நிற்பதனாலேயே தவறு உறுதிப்பட்டுவிடும்.

இந்தக் கடைசி நீரின் பிடிவாதம் முதலாண்டு மாணவர்களை மட்டுமா ஏமாற்றியது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேர்ந்த வேதியியலாளர்களையும் ஏமாற்றியிருக்கிறது. அப்போது தாமிரத்தின் அணு எடை 63.3 என்ற அளவில் ஏற்கப்பட்டிருந்தது. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வர்டில் தியடோர் ரிச்சர்ட்ஸ் அதைப் புதிதாக அளந்தபோது 63.6 கிடைத்தது. இரண்டு எண்ணும் கவனம் தவறாதவர்கள் கையிலிருந்து வந்தவை. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ரிச்சர்ட்ஸ் தேடிப் போனார். முற்றிலும் உலர்ந்தது என்று முன்னோர் எடுத்துக்கொண்ட தாமிர சல்பேட், 250 டிகிரியில் உலர்த்திய பிறகும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்திருந்தது. தாமிர ஆக்சைடு என்று எடை போட்ட பொருளுக்குள் வாயு அடைபட்டிருந்தது. இரண்டு பிழையும் ஒரே திசையில் தள்ளின. தாமிரத்தின் பங்கைக் குறைத்துக் காட்டின. இன்று ஏற்கப்படும் மதிப்பு 63.546. உலர்ந்த உப்பு காற்றைத் தொடாமல் புட்டிக்குள் போய் மூடப்படுவதற்கென்றே ரிச்சர்ட்ஸ் ஒரு கருவியை வடிவமைத்தார். அணு எடைகளைத் துல்லியமாக அளந்ததற்காக 1914ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே 1914இன் இயற்பியல் பரிசு லாவேக்கு. ஒரே ஆண்டின் இரண்டு பரிசுகளின் கதையிலும் மயில்துத்தம் வந்துபோகிறது.

சரி, கடைசி நீரையும் விரட்டிவிட வேண்டும் என்று சுடரைக் கூட்டினால்? தாமிர சல்பேட்டே உடையத் தொடங்கும். கந்தக மூவாக்சைடு புகையாகக் கிளம்பும், மூக்கை அரிக்கும். வெள்ளை மாவில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அது தாமிர ஆக்சைடு. உப்பு முழுவதும் அப்படி உடைய 600 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், பன்சன் சுடரின் நுனி படும் மூசையின் அடி அதைவிடச் சூடாகலாம். மேலே நீர் மிஞ்சியிருக்க, அடியில் உப்பு உடைந்துகொண்டிருக்கும். தராசு இரண்டையும் கூட்டி ஓர் எண்ணைக் கொடுக்கும்.

மற்ற உப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய உண்டு. ஆறு நீரோடு படிகமாகும் அந்த உப்பைச் சூடாக்கினால், போகிற நீர் தனியாகப் போவதில்லை. உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடையும் இழுத்துக்கொண்டு போகிறது. எடைக்குறைவு முழுவதையும் நீர் என்று எழுதினால் நீர் அதிகமாகத் தெரியும். அன்னபேதியில் கதை தலைகீழ். இரும்பு சல்பேட்டான அதிலிருந்து ஏழு நீர் வெளியேற வெளியேற, இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. ஒரு பக்கம் எடை போகிறது, மறுபக்கம் எடை வருகிறது. பச்சை போய்ப் பழுப்பேறினால் தராசின் சொல்லை நம்பாதே என்று பொருள். ஒரே அடுப்பு, ஒரே மூசை, ஒரே தராசு. ஓர் உப்புக்குப் பிழை கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் விழுகிறது. உப்பின் வேதியியலைத் தெரியாமல் நீரை அளக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

உப்பு தெறிப்பதும் உண்டு. படிகம் வளரும்போது தாய்க் கரைசலின் சொட்டுகள் நுண்ணிய அறைகளில் அடைபட்டுப்போகும். சட்டென்று சூடேற்றினால் அந்தச் சொட்டு ஆவியாகிப் படிகத்தைப் பிளந்துகொண்டு வெளிவரும். கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு 'பட்'டுக்கும் ஒரு துகள் மூசையை விட்டுத் தாண்டலாம். படிகாரமும் வெங்காரமும் வேறு மாதிரி: தன் நீரிலேயே உருகி, நுரைத்து, பொரியாக உப்பி மூசையின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். சித்த மருத்துவத்தில் வெங்காரத்தை ஓட்டிலிட்டு நீர் வற்றப் பொரித்துச் சுத்தி செய்வது பழைய முறை. வேதியியல் கண்ணோடு பார்த்தால் அது படிக நீரை நீக்கும் வேலைதான். பொரிப்பவர்கள் தீயைச் சிறிதாக வைப்பதில் காட்டும் கவனத்தை ஆய்வகத்திலும் காட்ட வேண்டும். படிகத்தைப் பொடித்து, மூடியைச் சற்றே சாய்த்து வைத்து, சுடரை மெல்ல ஏற்றினால் தெறிப்பு பெருமளவு அடங்கும். மூடியை இறுக மூடினாலோ ஆவி வெளியேற வழியின்றி உப்பு நீரை விட மறுக்கும்.

அடுப்புக்கு வருவதற்கு முன்பே பிழை நுழைந்துவிடும் உப்புகளும் இருக்கின்றன. சலவைச் சோடாவின் கண்ணாடி போன்ற படிகத்தில் பத்து நீர், எடையில் 63 சதவீதம். புட்டியைத் திறந்து வைத்தால் சில நாட்களில் மேலே வெள்ளை மாவு பூத்துவிடும். நீர் தானாகவே காற்றுக்குப் போய்விட்டது. அந்த மாவையும் சேர்த்து எடை போட்டால் சூடாக்கும் முன்பே கணக்கு தப்பு. கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டும் அப்படியே, அது 32.4 டிகிரியில் தன் நீரிலேயே கரைந்துவிடும். நம் ஊர்ப் பகல் வெயிலில் அலமாரிக்குள்ளேயே அது நடக்கலாம். எதிர்த் திசையில், புதிதாக வடிகட்டி எடுத்த படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஈரமும் படிக நீர் என்றே எண்ணப்படும். அந்த ஈரத்தை நீக்க அனலில் காட்டினால் உள்ளிருக்கும் நீரும் கிளம்பும். வடிதாளில் ஒற்றி எடுத்து அறைக்காற்றில் விடுவதைத் தவிர நல்ல வழியில்லை. அது எப்போது போதும் என்பதைக் கைப்பழக்கம்தான் சொல்ல வேண்டும்.

மண் பரிசோதனையில் இதே குழப்பம் பெரிய அளவில் வரும். மண்ணின் ஈரத்தை அறிய 105 அல்லது 110 டிகிரியில் அடுப்பில் உலர்த்தி எடைக்குறைவைப் பார்ப்பது வழக்கம். பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதி ஓடைகளில் களிமண்ணுக்கு இடையே நார் நாராக ஜிப்சம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய மண்ணை 110 டிகிரியில் வைத்தால் ஜிப்சத்தின் சொந்த நீரும் வெளியேறி மண்ணின் ஈரமாகக் கணக்கில் ஏறும். அதனால் ஜிப்சம் கலந்த மண்ணை 60 டிகிரி அளவில் நீண்ட நேரம் உலர்த்துகிறார்கள்.

மருந்தில் இது இன்னும் நெருக்கமானது. இரத்தசோகைக்குத் தரும் இரும்பு மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் அன்னபேதியின் உப்புத்தான். ஏழு நீரோடு இருக்கும் உப்பில் 325 மில்லிகிராம் எடுத்தால் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. உலர்த்திய உப்பில் அதே இரும்புக்கு 200 மில்லிகிராம் போதும். உப்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைத் தப்பாக அளந்தால் கர்ப்பிணிக்குப் போகும் இரும்பின் அளவு தப்பாகும். வயலிலும் அப்படித்தான். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு எடை போடும் மயில்துத்தத்தில் தாமிரம் 25.5 சதவீதம், நீர் இழந்து வெளுத்த துத்தத்தில் அது 40 சதவீதத்தை நெருங்கலாம்.

மறுபடி மூசைக்கு வருகிறேன். சூடாக்கி முடித்தாயிற்று, இனி எடை போட வேண்டும். சிறிய விஷயம்போலத் தோன்றும் இந்த இடத்தில்தான் நான் பார்த்த பிழைகளில் பாதி நடந்தது. அவசரப்பட்டுச் சூடாகத் தட்டில் வைத்தால், மூசையைச் சுற்றிய காற்று சூடாகி மேலெழுந்து தட்டையும் சற்றுத் தூக்கும்; எடை குறைவாகத் தெரியும், நீர் கூடுதலாகத் தெரியும். எண் நிலையாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் மூசை ஆறவில்லை என்று பொருள். மேசைமேல் ஆறட்டும் என்று விட்டால் எதிர்ப்பிழை. நீரற்ற தாமிர சல்பேட் தாகத்தோடு இருக்கும் பொருள். காற்றில் ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே அதைப் பயன்படுத்துகிறோம். கடலோர நகரத்தின் மழைக்காலக் காற்றில் அதைத் திறந்து வைப்பது, விரட்டிய விருந்தாளிக்குக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. எனவே டெசிகேட்டர் என்ற கனத்த கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து ஆறவைக்கிறோம். அதன் அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கும். வெறும் மூசையையும் முதலிலேயே சூடாக்கி அதே பாத்திரத்தில் ஆறவைத்து எடை போட வேண்டும். பீங்கானும் ஈரத்தைச் சுமக்கும். காற்றுத்துளையைச் சரியாகத் திறக்காமல் மஞ்சள் சுடரில் காட்டினால் மூசையின் அடியில் கரி படிந்து எடை கூடும். கையால் தொட்டால் விரலின் எண்ணெய். எதுவும் பெரிதில்லை, ஆனால் நாம் தேடுவதே 0.01 கிராம்.

நீர் என்ற பெயரை உறுதிப்படுத்த வேறு வழியே இல்லையா? இந்தக் கேள்வி பழையது. 1765இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருபத்தோரு வயது லவாய்சியே ஜிப்சம் பற்றிய கட்டுரையை வாசித்தார். ஜிப்சத்தைச் சுட்டால் வெளியேறுவது நீர்தான் என்று காட்டியதோடு அவர் நிற்கவில்லை. சுட்ட பொடி தண்ணீரில் குழைத்ததும் இறுகிக் கல்லாவது, போன நீரைத் திரும்ப வாங்கிக்கொள்வதால்தான் என்றும் காட்டினார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துச் சரிபார்ப்பது எவ்வளவு அழகான சோதனை! 1894இல் யேல் பல்கலைக்கழகத்தின் பென்ஃபீல்ட் வேறு கோணத்தில் யோசித்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் கனிமத்தைச் சூடாக்கி, வெளிவரும் நீரைக் குழாயின் குளிர்ந்த பகுதியிலேயே படியவைத்து, அந்த நீரையே எடை போட்டார். போனதை ஊகிக்காமல் வந்ததை அளப்பது. 1915இல் ஜப்பானின் ஹோண்டா கொத்தாரோ, உலைக்குள்ளேயே தராசின் ஒரு கையை நீட்டிவிட்டார். சூடேறச் சூடேற எடை எப்படி இறங்குகிறது என்று தொடர்ந்து பார்க்க முடிந்தது. நீர் எத்தனை படிகளில் இறங்குகிறது என்பதை அந்தக் கோடே வரைந்து காட்டும்.

1935இல் ஜெர்மனியின் கார்ல் ஃபிஷர், தராசையே விட்டுவிட்டார். அயோடினும் கந்தக டையாக்சைடும் ஒன்றோடொன்று வினைபுரிய நீர் வேண்டும். எவ்வளவு அயோடின் தீர்ந்ததோ அவ்வளவு நீர். நீரை நீராகவே அடையாளம் காணும் முறை என்பதால் மருந்து ஆலைகளில் இன்று இதுதான் அன்றாடக் கருவி. அந்தக் கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் பொருள் எது தெரியுமா? இரண்டு நீர் கொண்ட சோடியம் டார்ட்ரேட் என்ற நீரேறிய உப்பு. அறைக்காற்றில் நீரை விடவும் மாட்டாது, வாங்கவும் மாட்டாது. அதில் நீர் 15.66 சதவீதம்.

ஆனால் மயில்துத்தத்தை ஃபிஷர் முறைக்குள் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நீரோடு வினைபுரிந்த அயோடின் அயோடைடாக மாறும். தாமிர அயனி அந்த அயோடைடைப் பிடித்து மறுபடி அயோடினாக்கிவிடும். செலவான சரக்கு கடைக்கே திரும்பி வந்தால் விற்பனை குறைவாகத்தானே தெரியும்? ஒரு தாமிரத்துக்கு அரை மூலக்கூறு அயோடின் வீதம் திரும்புவதால், வினை முழுமையாக நடந்தால் கணக்குப்படி ஐந்து நீருக்குப் பதில் நாலரைதான் தெரியும். அரைகுறையாகச் சுட்ட என் மாணவியின் 4.56க்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு முறைகள், முற்றிலும் வேறான இரண்டு காரணங்களால், ஏறத்தாழ ஒரே தவறான எண்ணைக் கொடுக்கின்றன. இரண்டு பேர் ஒரே விடை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் பழக்கத்தை இது என்னைக் கைவிடச் செய்தது. அதேபோல, 0.05 கிராம் தெறித்துப்போய், 0.05 கிராம் நீர் உள்ளே மிஞ்சினாலும் மூசையில் சரியாக 1.60 நிற்கும், 4.98 என்ற அருமையான விடை வரும். அந்த வகுப்பில் நேர்மையாகக் கிடைத்த சில ஐந்துகளும் அப்படி வந்தவையாக இருந்திருக்கலாம்.

அந்த மாணவியிடம் நான் சொன்னது, "4.56ன்னே எழுதும்மா. குறைஞ்சிருக்குன்னா என்ன நடந்திருக்கும்னு யோசி." அவள் யோசித்தாள். தெறித்திருந்தால் கூடியிருக்கும், புகைந்திருந்தாலும் கூடியிருக்கும், குறைந்திருக்கிறது என்றால் நீர் உள்ளேயே இருக்கிறது அல்லது திரும்பி வந்திருக்கிறது. மூசையை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். 1.62 ஆயிற்று. மறுபடி. 1.61. மறுபடியும் 1.61. விடை 4.90க்கு வந்து நின்றது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், அவள் போகவில்லை. "சார், சூடாக்கினப்போ எல்லாம் போயிருக்கும் சார். ஆறும்போது ஏறுதோ?" என்றாள். எழுந்து போய் டெசிகேட்டரின் மூடியை நகர்த்தி உள்ளே பார்த்தாள்.

அடித்தட்டில் சிலிக்கா ஜெல் மணிகள் இருந்தன. அவற்றில் நிறங்காட்டியாகச் சேர்த்திருந்தது கோபால்ட் குளோரைடு, அதுவும் நீரேறும் உப்பு. உலர்ந்திருந்தால் நீலம், நீர் ஏறினால் இளஞ்சிவப்பு. மணிகள் அத்தனையும் இளஞ்சிவப்பாக இருந்தன.

ஒரு தட்டில் அவற்றைக் கொட்டி அடுப்புக்குள் வைத்தோம். நீலம் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூசையை ஐந்தாம் முறை சுட்டு, அந்த மணிகளின் மேல் ஆறவைத்து எடை போட்டபோது 1.60 காட்டியது. அவள் நோட்டில் எல்லா எண்களையும் வரிசையாக எழுதினாள், ஒன்றையும் அடிக்காமல்.